பிரேக்கக்காவும் பேசாத குதிரை டாக்டரும்

அந்தப் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. பிரேக்கக்கா என்றால்தான் தெரியும். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் பயிற்சிக் காரில் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருஷத்துக்கும் மேலாக அதன்மேல் வலது காலை வைத்தே உட்கார்ந்திருந்ததில், அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போனால் முன்சீட்டின் அடியில் போய் மிதிக்கும். வீட்டில் டிவியில் யாராவது சைக்கிளில் வேகமாக வந்தால்கூட மேஜைக்காலை மிதிக்கும். பக்கத்தில் கணவர் உட்கார்ந்திருந்தால் அவருடைய கால்விரல்கள் போச்சு.

நாற்பதுகளின் நடுவில் இருந்தாள். ஆள் குட்டை. காருக்குள் ஏறிவிட்டால் குரல் மட்டும் நெட்டை. பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டவள். அதற்காக அவள் வருத்தப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "கார் என்ன இங்கிலீஷ்லயா ஓடுது? பெட்ரோல்லதானே ஓடுது" என்பாள்.

அப்படி நிம்மதியாக இருந்தவளை மறுபடியும் புத்தகத்தைத் தூக்க வைத்தது முதலாளியின் மருமகன். அவர் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் காரணம்.

ஒருநாள் முதலாளி அவளை அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை என்று அர்த்தம்.

"தலைமைப் பயிற்சியாளர்னு ஒரு பதவி போடப்போறேம்மா. உன்னைத்தான் நினைச்சேன். ஆனா அந்த இடத்துல இருக்கிறவங்க பள்ளிப்படிப்பு முடிச்சிருக்கணும்னு இப்ப புது விதி வந்திருக்கு."

"முடிச்சிருக்கேனே. இங்கிலீஷ் மட்டும்தான் பாக்கி."

"அந்தப் பாக்கியைத்தாம்மா கேக்கிறாங்க."

"அப்ப யாரைப் போடப்போறீங்க?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார். "மாப்பிள்ளை சும்மாதானே இருக்கார்..."

மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பது பள்ளியின் வாசலுக்குத் தெரியும். அங்கே வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள் எல்லாம் அவர் பின்பக்கமாக வண்டி எடுத்துப் பழகியதில் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தவை. ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, "தொட்டி இங்க இருக்கக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவர் தனக்குத் தலைவராக வந்து உட்காருவதை நினைத்ததும் பிரேக்கக்காவின் வலது கால் முதலாளியின் மேஜைக்கு அடியில் எதையோ ஓங்கி மிதித்தது. முதலாளி "ஆ" என்றார்.

அந்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

வகுப்பு ஒரு ஆரம்பப் பள்ளியின் மாடியில் நடந்தது. பகலில் சின்னக் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். சுவரில் யானை, எலி, பூனை படங்கள். அவற்றின் கீழே ஒரு காவலாளி, ஒரு செல்போன் ரிப்பேர்காரர், ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி மாற்றுகிற இரண்டு பெண்கள், பிரேக்கக்கா. எல்லாரும் எப்போதோ ஆங்கிலத்தில் கவிழ்ந்தவர்கள்.

டீச்சர் ஒல்லி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கண்ணாடி வைக்கிற கூட்டுக்குள் கண்ணாடிக்குப் பதில் சாக்பீஸ் இருக்கும். ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்து எடுத்து வைப்பதுபோல்தான் பேசுவார். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு மூன்று விஷயம். ஒன்று, கடினமான சொற்கள். இரண்டு, உவமை, உருவகம், முரண் என்று இலக்கியக்காரர்கள் வைத்திருக்கிற பெயர்கள், அதுவும் ஆங்கிலத்தில். மூன்றாவதுதான் பெரிய கல்: இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு நாவல். அதில் ஒருத்தர் அறைக்குள் நுழைய வேண்டுமென்றால் கதவைப் பற்றி ஒரு பக்கம், கதவின் கைப்பிடியைப் பற்றி ஒரு பக்கம் வந்துவிட்டுத்தான் ஆள் வருவார்.

கதை என்னவோ சின்னதுதான். மலைச்சரிவில் ஒரு பண்ணைவீடு. அதைத் தனியாக நடத்துகிற ஒரு பெண். அவளுடைய குதிரைக்குக் கால் நொண்டுகிறது. வைத்தியம் பார்க்க ஒரு குதிரை டாக்டர் வருகிறார். மூன்றாவது அத்தியாயத்திலேயே குதிரை குணமாகிவிடுகிறது. ஆனால் டாக்டர் வருவது மட்டும் நிற்கவில்லை. அவருக்கு அவள்மேல் உயிர். அதைச் சொல்வதில்லை. அவளும் கேட்பதில்லை. நடுநடுவே மழை பெய்துகொண்டே இருக்கிறது.

"இங்கே ஆசிரியர் ஏன் மழையைக் கொண்டுவருகிறார்?" என்று டீச்சர் கேட்டார்.

"மழைக்காலமா இருக்கும் டீச்சர்" என்றார் காவலாளி.

"இல்லை. அவள் மனதுக்குள் இருக்கிற துயரத்தை வெளியே இயற்கையும் காட்டுகிறது. இதற்குப் பெதட்டிக் ஃபாலசி என்று பெயர்."

பிரேக்கக்கா கையைத் தூக்கினாள். "மழை பெஞ்சா வைப்பர் போடணும், வேகத்தைக் குறைக்கணும். இதுல மனசு எங்க டீச்சர் வந்துச்சு?"

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பெதட்டிக் ஃபாலசி என்று பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். அந்தக் கோடுகள் தனக்காகப் போட்டவை என்று பிரேக்கக்காவுக்குப் புரிந்தது.

முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் இருந்தது. படித்த வார்த்தை வீட்டு வாசல் வரைக்கும் வரும், உள்ளே வராது. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வார்த்தையை மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, அதைத் தனக்குத் தெரிந்த யாராவது ஒருத்தர் தலையில் கட்டிவிடுவது. வாய் ஓயாமல் பேசுகிறவருக்கு லொக்வேஷியஸ் என்று பெயர், அது முதலாளி. வாயே திறக்காதவர் ரெட்டிசென்ட். அது குதிரை டாக்டர். எதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறவர் ப்ரொக்ராஸ்டினேட் செய்கிறவர். அது வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வேண்டிய தன் கணவர். முன்பின் யோசிக்காமல் பாய்கிறவர் இம்பெச்சுவஸ். அந்த வார்த்தையை அவள் தையல்காரருக்குக் கொடுத்தாள்.

தையல்காரர் அப்போது அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், பெரிய உடம்பு. வாழ்நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதித்துப் பழகியவர் என்பதால் ஆக்சிலரேட்டரையும் அதே மாதிரிதான் மிதிப்பார். ஒரே ஓட்டமாக ஓட்டி, விளிம்பு வந்ததும் சட்டென்று நிறுத்துவார். நடுரோடும் அவருக்கு ஒரு துணிதான். ஒருநாள் பால் வண்டிக்கும் பள்ளி வேனுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அவர் தையல் போடப் போக, பிரேக்கக்கா காலை அழுத்திக்கொண்டே கத்தினாள்:

"நீங்க ரொம்ப இம்பெச்சுவஸ்!"

தையல்காரர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். வண்டியை ஓரங்கட்டினார். இறங்கினார். நேராக நடந்தே போய் முதலாளியின் அறைக் கதவைத் திறந்தார்.

"எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்காங்க. இந்த வயசுல ஒரு பொம்பளை வாயால இங்கிலீஷ்ல கெட்ட வார்த்தை கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

"என்ன சொன்னாங்க?"

தையல்காரருக்கு அதைத் திருப்பிச் சொல்லவே வாய் கூசியது. முதலாளியின் காதருகே போய்ச் சொன்னார். முதலாளிக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லும் ரகம் இல்லை அவர். மருமகனைக் கூப்பிட்டார். மருமகன் கண்ணை மூடி யோசித்தார்.

"ரொம்ப மோசமான வார்த்தை மாமா. குடும்பத்தோட இருக்கிற இடத்துல சொல்ல மாட்டாங்க."

விசாரணை வைத்தார்கள். பிரேக்கக்கா காரின் டேஷ்போர்டிலிருந்து அகராதியை எடுத்துவந்து மேஜையில் போட்டாள். மூன்று ஆண்களும் அதைச் சுற்றித் தலையைக் குனிந்தார்கள். மருமகன் எழுத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். தையல்காரரே கண்டுபிடித்தார். விரலை வைத்து அர்த்தத்தை மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார். அப்புறம் நிமிர்ந்து சொன்னார்:

"சரியாத்தான் இருக்கு. எங்க வீட்டுக்காரியும் இதைத்தான் சொல்றா. தமிழ்ல சொல்றா, அவ்வளவுதான் வித்தியாசம்."

அன்றிலிருந்து தையல்காரர் அவளுடைய கட்சி. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்துத்தான் அவருக்குப் பச்சை விழுந்தது தெரியும்.

"ஐரனின்னா என்னக்கா?"

"சாலைவிதிப் புத்தகத்தைப் படிச்சுக்கிட்டே ரோட்டைக் கடக்கிறவன் மேல வண்டி மோதுறது."

"ஹைபர்போலி?"

"இல்லாததை ஊதிப் பெரிசாக்கிச் சொல்றது. நேத்து நீங்க நல்லா ஓட்டினீங்கன்னு உங்க வீட்ல சொன்னேனே, அது."

"ஆக்ஸிமோரான்?"

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத ரெண்டு வார்த்தையைச் சேர்த்துப் போடுறது." கொஞ்சம் யோசித்தாள். "மாப்பிள்ளையோட உழைப்பு."

தையல்காரர் சிரித்த சிரிப்பில் வண்டி அணைந்துபோனது.

வீட்டில் வேறு மாதிரி. அவளுடைய கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தார். பொழுது விடிவதற்குள் போனால் மதியம் புருவத்தில் மாவோடு வீடு திரும்புவார். அவளும் அந்த நேரத்துக்குச் சாப்பிட வருவாள். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து மதியச் சாப்பாட்டில் இரண்டு பேருக்கும் பேசப் பெரிதாக விஷயம் இருந்ததில்லை. குழாய் சொட்டுகிறது, சரி செய்யணும், செய்யறேன். அவ்வளவுதான்.

நாவலை ஞாபகம் வைத்துக்கொள்ள யாரிடமாவது திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எதிரே இருந்தவர் கணவர். ஆகவே அவரிடம் சொன்னாள். முதல் இரண்டு நாள் அவர் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"குதிரைக்குத்தான் குணமாயிடுச்சே. இவன் எதுக்கு இன்னும் வர்றான்?"

"அவளைப் பாக்கத்தான்."

"சொல்லிட்டானா?"

"இல்ல. அவர் ரெட்டிசென்ட்."

"அப்படின்னா?"

"வாயைத் திறக்க மாட்டார்."

"ஊமையா?"

"ஊமையில்ல. குதிரைகிட்ட எல்லாம் பேசுறார்."

"குதிரைகிட்ட என்ன பேசுறான்?"

"அவளைப் பத்தித்தான்."

"அப்ப அந்தக் குதிரையாவது போய்ச் சொல்லித் தொலைக்கலாமில்ல!" என்று தட்டை நகர்த்தினார்.

அதற்குப் பிறகு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "இன்னிக்காவது சொன்னானா?" பக்கத்துப் பண்ணைக்காரன் ஒருத்தன், மீசைக்கு எண்ணெய் போடுகிறவன், கதையில் பெண் கேட்டு வந்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. "கோட்டை விடப்போறான் பாரு. நானா இருந்தா இந்நேரம் பேசி முடிச்சிருப்பேன்" என்றார்.

பிரேக்கக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? எங்க வீட்டுக்கு வந்தப்ப எல்லாத்தையும் பேசினது உங்கம்மா. நீங்க வாசல்ல நின்னு எங்க வீட்டுச் செருப்பையெல்லாம் எண்ணிக்கிட்டிருந்தீங்க."

அவர் குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். பிறகு, "சரி, அடுத்த அத்தியாயத்தைச் சொல்லு" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த கதை ஒரு மழைநாளில் வந்து நின்றது. டாக்டர் பண்ணைவீட்டு வாசற்கதவுக்கு வெளியே நிற்கிறார். தொப்பி கையில் இருக்கிறது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவள் கதவைத் திறக்கிறாள். டாக்டர் வாயைத் திறக்கிறார்.

"ம்?" என்றார் கணவர்.

"அவ்வளவுதான்."

"என்ன அவ்வளவுதான்? என்ன சொன்னான்?"

"தெரியாது. பாடத்துக்கு அது வரைக்கும்தான் வச்சிருக்காங்க. புத்தகத்துல அதுக்கப்புறம் கேள்விகள்தான் இருக்கு."

அவர் புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் கேள்விக்குறி தெரியும். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். "இது அநியாயம்" என்றார். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வெடித்த அன்றுகூட அவர் அந்தக் குரலில் பேசியதில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் பிரேக்கக்கா டீச்சரிடம் போய் நின்றாள். "டீச்சர், அவர் கதவுகிட்ட நின்னு என்ன சொன்னார்?"

டீச்சர் சாக்பீஸைக் கூட்டுக்குள் வைத்து மூடினார். "அது தேர்வுக்கு வராது."

"தேர்வுக்கு இல்ல டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கு."

"வராததைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு டீச்சர் வேகமாகப் படியிறங்கிப் போனார்.

அதற்கு அடுத்த வாரம்தான் எதிர்பாராதது நடந்தது. பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவர் என்று முதலாளி கைகாட்டிய பக்கம் பார்த்தால், நாற்காலி நுனியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருக்கிறார். பிரேக்கக்கா வேலை பார்ப்பது அந்த இடம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஊரின் மறுகோடிக்குப் போயிருப்பார்.

காரில் ஏறியதும் பிரேக்கக்கா கேட்டாள். "இந்த வயசுல எதுக்கு டீச்சர் திடீர்னு?"

"அக்கா ஊருக்கு வெளியே வீடு மாறிட்டாங்க. யார்கிட்டயாவது, கொண்டுபோய் விடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு." காருக்குள் டீச்சரின் பேச்சில் இஸ்திரி கலைந்திருந்தது. "ஒரு தடவையாவது யாரையும் கேக்காம நானா ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்."

ஆசை சரி. ஆனால் டீச்சர் ஸ்டீயரிங்கைச் சுடுபாத்திரம் பிடிப்பதுபோல் விரல்நுனியால் பிடித்தார். வண்டியை நடந்து போகிறவர்கள் முந்தினார்கள். கீரைக்காரி கூடையோடு முந்தினாள். முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. பயம் வந்தால் பாடம் ஒப்பிப்பார். எதிரே லாரி வந்தால், "உருவகம் என்பது ஒன்றை இன்னொன்றாகவே சொல்வது" என்று ஆரம்பித்துவிடுவார். லாரி போனபின் நிறுத்துவார். பிரேக்கக்காவுக்கு அந்த வாரம் வகுப்பில் கிடைத்ததைவிட நிறையப் பாடம் காரில் கிடைத்தது.

ஒருநாள் ரவுண்டானாவுக்குள் போனார்கள். உள்ளே போனது போனதுதான். வெளியே வர முடியவில்லை. டீச்சர் மரியாதை தெரிந்தவர். வெளியேறும் வழி வரும்போதெல்லாம் பின்னால் வருகிறவருக்கு விட்டுக்கொடுத்தார். "அவங்க முதல்ல போகட்டும்." மறுபடி ஒரு சுற்று. "இவங்களும் போகட்டும்." இன்னொரு சுற்று. நடுவில் நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் சிரித்தார், அப்புறம் கவலைப்பட்டார்.

"இடது பக்கம் வெளிய வாங்க டீச்சர்."

"வரேன், வரேன். ஆளுருவகம் என்பது உயிரற்ற பொருளுக்கு..."

பேச்சை மாற்றினால் பயம் குறையும் என்று பிரேக்கக்கா நினைத்தாள். "அதை விடுங்க. அந்தக் குதிரை டாக்டர் என்ன சொன்னார்னு சொல்லுங்க."

"அது தேர்வுக்கு வராதுன்னு சொன்னேனே!"

"வர வேணாம். சும்மா சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது!" என்று டீச்சர் கத்தினார். கத்திய வேகத்தில் ஸ்டீயரிங் திரும்பி, வண்டி ரவுண்டானாவை விட்டு எப்படியோ சரியான பாதையில் வெளியே வந்துவிட்டது. "எனக்குத் தெரியாது, நான் படிச்சதே இல்ல!"

ஓரமாக ஒரு மருந்துக்கடை முன்னால் நிறுத்தினார்கள். டீச்சர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். தான் மாணவியாக இருந்தபோதும் இதே பாதிப் புத்தகம்தான் பாடம் என்றார். டீச்சரான பிறகும் அதே பாதிதான். ஒவ்வொரு விடுமுறைக்கும் மீதியைப் படிக்கவேண்டும் என்று நினைப்பார். வருஷம் போகப் போக, படிக்கவில்லையே என்ற வெட்கம் வளர்ந்துகொண்டே போனது. போய் வாங்கலாம் என்றால் நூலகத்தில் இருப்பவள் அவருடைய பழைய மாணவி. "நீங்க இன்னும் படிக்கலையா டீச்சர்னு கேட்டுட்டா என்ன பண்றது?"

"நாளைக்கு நாளைக்குன்னு தள்ளியிருக்கீங்க" என்றாள் பிரேக்கக்கா. "அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு டீச்சர்."

"நான்தானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் டீச்சர் பரிதாபமாக. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் சொல்வேனா? நான் ரெட்டிகென்ட்."

"ரெட்டிசென்ட்" என்று டீச்சர் திருத்தினார். திருத்திவிட்டுச் சிரித்தார். பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பரீட்சை வந்தது. பெரிய கூடம், ஆளுக்கொரு மேஜை. பிரேக்கக்கா உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டைத் தேடினாள். வினாத்தாளைத் திருப்பினாள். சொற்கள் பரவாயில்லை, தெரிந்த முகங்களாக வரிசையில் நின்றன. இலக்கியப் பெயர்களில் இரண்டு மட்டும் யாரென்று அடையாளம் தெரியவில்லை. கடைசியில் பெரிய கேள்வி: குதிரை டாக்டரின் மௌனத்தைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுக.

டீச்சர் எழுதிக்கொடுத்த விடை ஒன்று இருந்தது. மௌனம் கண்ணியத்தின் குறியீடு என்று தொடங்கும். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தாள். ஆனால் காதில் கணவரின் குரல்தான் கேட்டது. வாயைத் திறந்தா என்ன குறைஞ்சிடும் அவனுக்கு? எழுத ஆரம்பித்தாள். இந்த டாக்டர் நல்லவர், ஆனால் அவரால் ஒரு பெண்ணின் பல வருஷம் போகிறது. சிக்னல் போடாமல் வண்டி ஓட்டுகிறவர் இவர். பின்னால் வருகிறவள் எப்படி அறிவாள்? தப்புத்தப்பான ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் கொட்டினாள். கோபம் ஏற ஏற வலது கால் முன்மேஜையின் அடிக்கட்டையை மிதித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த செல்போன் ரிப்பேர்காரர் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வார்த்தை அடித்து எழுதினார்.

நேரம் முடியப்போகிறது என்று மணி அடித்தபோதுதான் இலக்கியப் பெயர் ஒன்றைக்கூடப் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது. சமைத்து முடித்தபின் உப்புப் போடுவதுபோல் அங்கங்கே தூவினாள். இங்கே ஐரனி, அங்கே மெட்டஃபர், மழை வந்த இடத்தில் மறக்காமல் பெதட்டிக் ஃபாலசி. ஐரனியை இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தாள். எது சரி என்று தெரியாததால் இரண்டையும் விட்டுவைத்தாள்.

பரீட்சை முடிந்ததும் அவள் செய்த முதல் வேலை நூலகத்துக்குப் போனது. கீழ்த்தளத்திலிருந்து தூசு தட்டி எடுத்துவந்த முழுப் புத்தகம் செங்கல் மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் அவள் வீட்டுக்கு வந்தார். கணவர் குளித்து, தலை சீவி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார், பெண் பார்க்க யாரோ வரப்போவது போல. டீச்சர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

"டாக்டர் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாத்தினார். அவளைப் பாத்தார். அப்புறம் சொன்னார்..." டீச்சர் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "'உங்க குதிரைக்குப் பின்னங்கால் லாடம் தளர்ந்திருக்கு. பாத்துக்குங்க.' சொல்லிட்டுப் போயிட்டார்."

வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்புறம் வந்து சொல்லுவான்" என்றார் கணவர்.

வரவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்தார்கள். டாக்டர் வேறு ஊருக்குப் போனார். மீசைக்காரனுக்கு அவள் முடியாது என்றாள். தலை நரைத்த பிறகு ஒரு குதிரைச் சந்தையில் இருவரும் சந்தித்தார்கள். ஒரு குதிரையைப் பற்றிப் பேசினார்கள். புத்தகம் முடிந்தது.

"இதுக்கா?" கணவர் எழுந்தே விட்டார். "இதுக்கா இவ்வளவு மழை?"

டீச்சரின் கண் கலங்கியிருந்தது. "அவர் சொல்லாம இல்லைங்க. லாடத்தைப் பத்திச் சொன்னதுதான் அவர் சொன்னது."

"லாடம்னா லாடம்தான் டீச்சர்!"

இரண்டு பேரும் இதைப் பற்றிப் பொழுது சாய்கிற வரைக்கும் சண்டை போட்டார்கள். பிரேக்கக்கா நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். அவளுக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. பரீட்சை முடிந்துவிட்டதால் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டிய கட்டாயமும் இல்லை.

முடிவு வந்தபோது தேறியிருந்தாள். மயிரிழையில்தான், ஆனாலும் தேறினாள். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் படிப்பைச் சரிபார்த்தபோது அவருக்குக் கணக்கு பாக்கி என்று தெரியவந்தது. "கணக்கு இங்க இருக்கக்கூடாது" என்று அவர் சொன்னாரா என்பது தெரியவில்லை. பிரேக்கக்கா தலைமைப் பயிற்சியாளர் ஆனாள். பதவியோடு ஒரு சுழல் நாற்காலி வந்தது. அது இடது பக்கம் மட்டும் சுழலும். டீச்சர் சோதனையில் மறுபடி மறுபடி தோற்று, கடைசியில் ஒருவழியாக லைசென்ஸ் வாங்கி, அக்கா வீட்டுக்குத் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். காலையில் கிளம்பியவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். ஆனால் யாரையும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மளிகைக்கடையில் ஒரு பெண் பிரேக்கக்காவைத் தேடி வந்து பேசினாள். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிறவரின் மனைவி.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் வேலையில தினமும் சொல்லிக்கிட்டிருந்த கதையை முடிச்சுட்டாராமே. எங்க வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சுபோறார். அந்தக் குதிரை டாக்டர் மழையில நனைஞ்சுக்கிட்டு, 'எனக்கு நல்லாப் பேச வராது, ஆனா உங்களைப் பாக்காத நாளெல்லாம் எனக்கு நாளாவே தெரியல'ன்னு சொன்னாராமில்ல? அங்க அடுப்புக்கிட்ட நின்னவங்க எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்களாம். கல்யாணத்துக்குக் குதிரையும் வந்துச்சாமே!"

பிரேக்கக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சாமானை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தாள். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"குதிரை டாக்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே?"

அவர் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அங்க என்ன பரீட்சையா வைக்கப் போறாங்க?" என்றார். "நீ உக்காந்து சாப்பிடு."